கொத்தமங்கலத்தில் ராமென் வைப்பதற்கு

1

மீனா, சேது,

முதலில் மீனாவுக்கு. நீ அனுப்பிய செய்தி நேற்று மதியம் கடையில் தந்தூரி அடுப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது வந்தது. ஜப்பானிய மொழியில் மூன்றே வரி. "அம்மா செய்ற ராமென் எப்படின்னு எழுதி அனுப்பு. வீடியோ கால் வேண்டாம். சேது ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டா நாங்க திரும்பி வந்துடலாம்தானே?"

உங்கள் இருவரையும் கொத்தமங்கலத்தில் மாமா வீட்டில் விட்டுவிட்டு யோகோஹாமாவுக்கு நான் திரும்பிய பிறகு நீ எனக்கு எழுதிய முதல் செய்தி இது. இத்தனை மாதமும் "மீனா நல்லா இருக்குது" என்று மாமாதான் சொல்வார். அதனால் அந்த மூன்று வரியைப் படித்தேன், பாக்கெட்டில் வைத்தேன், மறுபடி எடுத்துப் படித்தேன். முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டது காதில் விழவில்லை.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஜப்பானிய எழுத்தில் இவ்வளவு நீளமாக எழுத எனக்கு வராது. தமிழில் படிக்க உனக்குச் சிரமம் என்று தெரியும். மாமாவைப் படித்துக் காட்டச் சொல்லாதே. நீயே எழுத்துக்கூட்டிப் படி, இரண்டு நாள் ஆனாலும் சரி. சேது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். மூன்றாவது பகுதியிலிருந்து நீ தனியாகப் படி.

2

ராமென் ஜப்பான்காரர்களின் பழைய சாப்பாடு என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. நூறு வருடத்துக்கு மேலே, இதே யோகோஹாமா துறைமுகத்துக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்த சீனர்கள் கொண்டுவந்தது அது. கோதுமை மாவில் சோடா உப்பைப் போன்ற ஓர் உப்பு கரைத்த தண்ணீர் விட்டுப் பிசைந்த நூடுல்ஸ், எலும்புச் சாறு. அந்தக் காலத்தில் அதற்குப் பெயரே "சீன சோபா", அதாவது சீன நூடுல்ஸ் என்றுதான். பிறகு பெரிய யுத்தம். அரிசி கிடைக்காத காலத்தில் அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்து இறங்கியது. வீடு வாசல் போனவர்கள் தெருவோரம் வண்டி போட்டு அந்தக் கோதுமையை ராமெனாக்கி விற்றார்கள். பசித்துக் கிடந்த ஊர் அதைக் குடித்து எழுந்து உட்கார்ந்தது. வடக்கே குளிர் ஊரில் மிசோ என்கிற புளித்த சோயா விழுது சேர்த்தார்கள், தெற்கே பன்றி எலும்பை வெள்ளையாகக் கொதிக்கவிட்டார்கள், இந்தப் பக்கம் சோயா சாஸ். இப்போது உலகமே அதை ஜப்பான் சாப்பாடு என்கிறது.

நம் பக்கத்துக் கவுனி அரிசியும் இப்படித்தான். பர்மாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். இன்றைக்குக் காரைக்குடியில் கவுனி அரிசி இல்லாமல் ஒரு கல்யாண விருந்து நடக்குமா? வந்த சாப்பாடு ஊர்ச் சாப்பாடு ஆகிவிடுகிறது. வந்த மனுசன் ஆவதற்குத்தான் நாளாகிறது.

அம்மா முதலில் ராமென் சாப்பிடவில்லை. பன்றி என்றால் நம் வீட்டில் ஆகாது. ஆனால் மதியச் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலைக்கு அவள் வேலைக்குப் போக ஆரம்பித்ததும், கூட நின்ற பெண்கள் கோழி எலும்பிலும் வைக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வார விடுமுறையன்றே அடுப்பில் ஏற்றிவிட்டாள். நான் காரைக்குடி மெஸ்ஸில் அடுப்படியில் வளர்ந்தவன், சும்மா இருக்க முடியுமா? கல்பாசியும் ரெண்டு மிளகும் எடுத்துக்கொண்டு போனேன்.

"அங்குட்டே நில்லுங்க," என்றாள் கரண்டியை நீட்டி. "ஒங்க காரைக்குடிய இதுல கொட்டப் பாக்குறீகளா?"

"ஒரே ஒரு பூ கல்பாசி, செல்வி. வாசனைக்கு."

"கடையில நாளு முழுக்க அந்த வாசனையிலதான நிக்கிறீக. சட்டையத் தொவைச்சாலும் போக மாட்டேங்குது. இந்த ஒரு சட்டியாச்சும் சும்மா இருக்கட்டும்."

சின்ன வெங்காயம் மட்டும் அவளாகச் சேர்த்தாள். கேட்டால், "அது காரைக்குடி இல்ல, எங்க கொத்தமங்கலம்" என்பாள்.

ஒருநாள் அவள் தன் சாப்பாட்டுக் குச்சியால் ஒரு கோழித் துண்டை எடுத்து சேதுவின் குச்சிக்கு நேராக நீட்டினாள். அவனும் குச்சியால் வாங்கப் போனான். மீனா, நீதான் கத்தினாய்.

"அம்மா! குச்சியிலேர்ந்து குச்சிக்குக் குடுக்கக் கூடாது! செத்தவங்க எலும்பைத்தான் அப்படி எடுப்பாங்க!"

"அப்பிடியா சங்கதி? அப்பக் கையால குடுத்தாத் தப்பில்லையே," என்று துண்டை விரலால் எடுத்து அவன் வாயில் திணித்தாள். சூடு தாங்காமல் அவன் "ஹா ஹா" என்று ஊதிக்கொண்டே தின்றான். நீ தலையில் அடித்துக்கொண்டாய். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் யாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாய்.

3

மீனா, இனி வருவது உனக்கு மட்டும்.

அம்மா போனதும் அவளை ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை. எத்தனை காகிதம், எத்தனை நாள் என்று கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இங்கேயே எரித்தோம். நம் ஊரில் மறுநாள் ஆம்பிளைகள் மட்டும் காட்டுக்குப் போய்ப் பால் தெளித்து, கையால் எலும்பு பொறுக்கிச் சட்டியில் போட்டு வருவார்கள். பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். இங்கே அப்படி இல்லை என்று நமக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நமக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எரிந்து முடிந்து தட்டை வெளியே இழுத்ததும் அங்கே வேலை பார்க்கும் அந்த வெள்ளைக் கையுறை போட்ட மனிதர் குனிந்து வணங்கினார். ஆளுக்கு ஒரு ஜோடி நீளக் குச்சி. இருவர் இருவராக நின்று, இரண்டு பக்கமும் குச்சி கொடுத்து, ஒரே எலும்பைச் சேர்ந்து தூக்கிச் சட்டியில் வைக்க வேண்டும். கால் எலும்பில் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டிக்குள் இறந்தவர் தலைகீழாக இருப்பார் என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். உலகத்தில் அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

சேதுவை வெளியே உட்கார வைக்கலாம் என்று நான் அவன் தோளைப் பிடித்தேன். அவன் கையை நீட்டிக் குச்சியை வாங்கிக்கொண்டான். "நான் பண்றேன்பா" என்றான். உனக்குத்தான் ஞாபகம் இருக்குமே. நீயும் அவனும் எதிரெதிரே நின்றீர்கள். உன் குச்சி நடுங்கியது. அவன் குச்சி நடுங்கவில்லை. சோற்றில் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டால் அம்மா மெச்சுவாளே, அந்தக் கவனத்தோடு எடுத்து வைத்தான். அந்த மனிதர்கூட "நன்றாகச் செய்தான்" என்றார்.

யார் மேலும் குற்றமில்லை. இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், யார் மேலும் இல்லை. அதனால்தான் யாரிடமும் கோபப்பட முடியாமல் கிடக்கிறது.

4

அதற்குப் பிறகு அவன் பள்ளியில் மதியம் சாப்பிடவில்லை. ஆசிரியை போன் செய்தார். நான் பாதி புரிந்து பாதி புரியாமல் "சரி, சரி" என்றேன். ஆஸ்பத்திரியில் வயிற்றைப் படம் பிடித்தார்கள். ஒன்றுமில்லை. வீட்டில் நான் குழம்பு வைத்தாலும் இரண்டு வாய் ஸ்பூனால் அளைந்துவிட்டுப் படுத்துக்கொள்வான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

பள்ளியில் கறிச்சோறு, அதாவது இந்த ஊர் மசாலாக் குழம்பு ஊற்றிய சோறு, போடுகிற நாளில் மட்டும் கொஞ்சம் உள்ளே போகிறது என்றார் ஆசிரியை. எனக்குப் புத்தி எப்படிப் போயிற்று பார். மசாலாவுக்கு ஏங்குகிறான் பிள்ளை, என்ன இருந்தாலும் நம்ம ரத்தம் என்று நினைத்துக்கொண்டேன். கடையிலிருந்து தினம் ஒரு டப்பா சுக்கா, இன்னொரு டப்பாவில் குழம்பு. ஆசிரியையிடம் கெஞ்சி, மதியம் அதை எடுத்துப்போக அனுமதியும் வாங்கினேன். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்களாம். டப்பா அப்படியே திரும்பி வந்தது. உப்புக் கம்மியோ, காரம் கூடிவிட்டதோ என்று நான் தாளிப்பை மாற்றி மாற்றிச் செய்தேன். ஒரு சமையல்காரனுக்கு வேறென்ன தோன்றும்?

கடைசியில் நீதான் சொன்னாய், பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"கறிச்சோறு அன்னைக்கு மட்டும்தான் ஸ்கூல்ல ஸ்பூன் குடுப்பாங்கப்பா. மத்த நாளெல்லாம் குச்சி. அவனைச் சுத்தி எல்லாரும் குச்சியால சாப்பிடுவாங்க. அவன் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பான்."

"நீ முன்னமே சொல்லலாம்ல தாயி?"

"எங்கிட்ட யாரு கேட்டா?"

5

அம்மாவின் வருடத் திதிக்கு நாம் மூவரும் அவள் எலும்புச் சட்டியோடு ஊருக்குப் போனோம். இராமேஸ்வரத்தில் கரைத்துவிட்டு, கொத்தமங்கலத்தில் மாமா வீட்டில் படையல். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டுமே. அத்தை வெள்ளைப் பணியாரம், கோழிக் குழம்பு, சீப்புச் சீடை என்று அடுக்கினார். நீ குறுக்கே வந்து நின்றாய்.

"அம்மாவுக்கு ராமென்தான் பிடிக்கும்."

"அது என்னத்தா?" என்று கேட்டார் மாமா. நீ கையால் நூல் நூலாக இழுத்துக் காட்டினாய். மாமா உடனே வண்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போய், மஞ்சள் பாக்கெட் மசாலா நூடுல்ஸ் ஆறு வாங்கி வந்துவிட்டார். "கடைக்காரன் இதுதான் நல்லா ஓடுதுன்னான்," என்றார். நீ பல்லைக் கடித்தாய். ஆனால் நேரம் இல்லை. அதையே வேகவைத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி இலையில் வைத்தோம். அம்மாவின் சிவப்புக் குச்சியை நீ பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாய்.

மாமாவுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு ஊதுபத்தி செருகுவதைப் போல இரண்டையும் கிண்ணத்தின் நடுவில் நட்டு நிறுத்தினார்.

நீ "ஐயோ" என்று கை தூக்கினாய், பாதியில் நின்றுவிட்டாய்.  உயிரோடு இருப்பவர் கிண்ணத்தில் அப்படிக் குத்தி வைக்கக் கூடாது என்று எத்தனை கடையில் நம்மைத் திருத்தியிருக்கிறார்கள். அது இறந்தவருக்கு மட்டும்.

சேது ரொம்ப நேரம் அதைப் பார்த்தான். ஒரு வருடமாகக் குச்சியை அவன் அப்படி நேராகப் பார்த்ததில்லை. பிறகு ஜப்பானிய மொழியில் மெதுவாகச் சொன்னான்: "மாமா சரியாத்தான் வச்சிருக்காரு."

பந்தியில் அவனுக்கும் இலை போட்டார்கள். சோற்றைப் பிசைந்தான். கோழிக் குழம்பை எலும்பில்லாமல் ஊற்றச் சொன்னான். சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

"பாத்தீகளா மாப்பிள்ளை!" என்று மாமா என் முதுகில் தட்டினார். "பய எப்பிடி அடிக்கிறான் பாருங்க. இம்புட்டுப் பசி எங்குட்டுக் கெடந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இவனை இங்கேதான் விட்டுப்போக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. 

6

அன்று சாயங்காலம் அத்தை கேட்டது உன் காதிலும் விழுந்திருக்கும். "அண்ணே, வெடிஞ்சாப் போயி பொழுதடைஞ்சு வாரீக. இதுகளுக்கு யாரு சோறு போடுவா? ரெண்டும் இங்குட்டே இருக்கட்டும். நாங்க என்ன அந்நியமா?" 

பிறகு நீ கேட்டாய். "அவன் சாப்பிடாததுக்கு நான் என்னப்பா பண்ணேன்? என் ஸ்கூல் அங்க இருக்கு. என் பேச்சு அங்க இருக்கு. இங்க நான் வாயைத் திறந்தா எல்லாரும் சிரிக்கிறாங்க." பதினான்கு வயதுப் பெண்ணை நாள் முழுக்க ஆளில்லாத வீட்டில் எப்படி விடுவது என்றேன். "அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப விட்டீங்கள்ல?" என்றாய். 

இப்போது மாசி. இங்கே சித்திரை பிறக்கும் முன்னே புது வகுப்பு தொடங்கிவிடும். உங்கள் பெயரை வைத்திருக்கவா எடுத்துவிடவா என்று உங்கள் பள்ளிகளில் கேட்டார்கள். வார்டு அலுவலகத்துக்கும் போனேன். பிள்ளைகள் எப்போது திரும்புவார்கள் என்று கேட்ட அந்தப் பெண்ணிடம் "இன்னும் தெரியாது" என்றேன். வருவார்களா மாட்டார்களா என்று வேறு விதமாகக் கேட்டார். அதற்கும் அதையே சொன்னேன். பாவம், அவர் பேனாவை வைத்துவிட்டார். நீங்கள் ஊருக்குக் கிளம்பிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் திரும்பி வராவிட்டால் விசா போய்விடும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும் என்றார்.

மீனா, உன் கேள்விக்கு வருகிறேன். சேது ஒரு கிண்ணம் சாப்பிட்டால் திரும்பி வரலாமா?

முடியாது தாயி. ஒரு கிண்ணத்தை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. நீ சொன்னால் அவன் உனக்காகக் குடித்துவிடுவான். அவன் அப்படிப்பட்டவன். அன்றைக்கும் குச்சியை அவனாகத்தான் கேட்டு வாங்கினான். குடித்துவிட்டு, இங்கே வந்து, மறுபடி பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவான். அதனால் இதை அவனுக்குப் பரீட்சையாக வைக்காதே. அவன் தள்ளிவிட்டால், "சரிடா" என்று சொல்லிவிட்டு நீ சாப்பிடு.

நீ மட்டும் வருவதானால் வா. அன்றைக்கு நான் சொல்லாததை இப்போது சொல்கிறேன். பெயரை எடுக்க வேண்டாம் என்று உன் பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டேன், உனக்கு மட்டும். சாயங்காலம் நீ தனியாக இருக்க வேண்டிவரும். தம்பி அங்கே இருப்பான். இரண்டும் உனக்கு வலிக்கும். இதில் நல்ல வழி என்று ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை. நீ எதைச் சொன்னாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது. சேதுவுக்கும் வராது, நான் போனில் கேட்டுவிட்டேன். "அக்கா போகட்டும்பா" என்றான். அதைச் சொல்லும்போது அவன் எதையோ மென்றுகொண்டிருந்தான். நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

7

இனி ராமென்.

நாட்டுக்கோழிக் கழுத்தும் நெஞ்செலும்பும் காலும் கறிக்கடையில் கேட்டு வாங்கு. தோலையும் கேள், கொழுப்புக்கு. சேது பள்ளிக்கூடம் போன பிறகு அடுப்பில் ஏற்று. முதலில் பச்சைத் தண்ணீரில் போட்டு ஒரு கொதி. அழுக்கு நுரை பொங்கும். அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிடு. எலும்பைக் குழாயடியில் ஒவ்வொன்றாக, உறைந்த ரத்தம் போகத் தேய்த்துக் கழுவு. அம்மா இதில்தான் நேரம் எடுப்பாள். இதில் சோம்பினால் சாறு கலங்கிவிடும்.

பிறகு நல்ல தண்ணீர், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள். தீயைக் குறை. தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் குமிழி முத்து முத்தாக வந்தால் போதும். மூடாதே. மதியம்வரை கிடக்கட்டும். இங்கே கடற்பாசியும் காய்ந்த மீனும் போடுவோம். பாசிக்கு அங்கே அலையாதே. உப்புப் போடாத நெத்திலிக் கருவாடு தொண்டியிலிருந்து வருகிறவர்களிடம் கிடைக்கும். தலையையும் வயிற்றையும் கிள்ளிவிட்டுக் கடைசியில் ஒரு கைப்பிடி போட்டு, கசக்கும் முன் எடுத்துவிடு. சாற்றைத் துணியில் வடிகட்டு. சேது வீட்டுக்கு வரும்போது எலும்பு ஒன்றும் கண்ணில் படக் கூடாது, வாசனை மட்டும் இருக்கட்டும்.

நூடுல்ஸ் அங்கே கிடைக்காது, நீயே செய்ய வேண்டியதுதான். சோடா உப்பைக் காய்ந்த இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் நன்றாக வறு. வறுத்தது கையைக் கடிக்கும், ஸ்பூனால் தொடு. அதில் ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்து, உப்புச் சேர்த்து, மைதாவில் தெளித்துப் பிசை. மாவு உதிரி உதிரியாக நிற்கும், சப்பாத்திக்கு வருவதைப் போல வராது. பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதே. மூடி வை. திரும்ப அழுத்திப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, மடித்து, கத்தியால் நூலாக வெட்டு. அத்தையைப் பிடித்துப் பிசையச் சொல், அவர் கைக்குப் பலம் உண்டு.

சோயா சாஸில் கொஞ்சம் சர்க்கரையும் நசுக்கிய இஞ்சியும் போட்டுச் சுடவை. அது கிண்ணத்தின் அடியில். கோழிக் கொழுப்பை உருக்கி அதில் சின்ன வெங்காயத்தைச் சிவக்க விடு. அது கடைசியில், மேலே. கறியை எலும்பிலிருந்து உதிர்த்துவிடு. மஞ்சள் கரு இறுகாத முட்டை. நூடுல்ஸை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, நன்றாக உதறி வடித்துப் போட்டு, சூடான சாற்றை ஊற்று.

கல்பாசி வேண்டாம்.

குச்சி வேண்டாம். அவனுக்கு முள்கரண்டி கொடு. கையால் எடுத்தாலும் விட்டுவிடு, சட்டையில் சிந்தினால் துவைத்துக்கொள்ளலாம்.

8

இதையெல்லாம் சும்மா நினைவிலிருந்து எழுதினால் தப்பாகிவிடும் என்று பயமாக இருந்தது. இன்று எனக்கு விடுமுறை. காலையிலேயே கோழி எலும்பு வாங்கிவந்து ஏற்றினேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் இதை நான் வைத்ததே இல்லை. உன் அம்மாவின் அளவு சரியாகத்தான் இருக்கிறது. வடிகட்டிய சாற்றை ஒரு கிண்ணம் நின்றுகொண்டே குடித்தேன். மீதியைப் பெட்டிகளில் ஊற்றி உறைய வைத்திருக்கிறேன்.

சல்லடையில் எலும்பு நின்றது. சதையெல்லாம் கரைந்து, வெள்ளை வெளேரென்று. இந்த ஊர்ச் சட்டப்படி அது எரிக்க எடுத்துப்போகும் குப்பை. நாளைக் காலை அந்தக் குப்பை எடுக்கிற நாள். பையைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். போடக் கை வரவில்லை.

செய்தித்தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். நம் கட்டடத்துக்குப் பின்னால் வேலியை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண் இருக்கிறதல்லவா, அங்கே யாரும் இல்லை. குழம்புக் கரண்டியால் தோண்டினேன். ஈர மண், சுலபமாக வந்தது. எலும்புகளைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தேன். எதை முதலில் வைப்பது என்று தெரியாமல் கால் எலும்பை முதலில் வைத்தேன். மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதிக்காமல், உள்ளங்கையால் தட்டிவிட்டு மேலே வந்து கை கழுவினேன்.